எக்மோ போடலாமா? நுரையீரலைத் தவிர்த்து உடலுக்கு ஆக்சிஜன் தரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஐசியு கதவைத் திறந்து வரும் மருத்துவர், "வென்டிலேட்டர்ல ஆக்சிஜன் ஏறல. எக்மோ போடலாமான்னு வீட்ல பேசிச் சொல்லுங்க" என்கிறார். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். பேச ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த இயந்திரத்தை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட் வேலை என்னுடையது. நடைபாதையில் என்னை நிறுத்தி எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "போட்டா பொழச்சிடுவாரா சார்?"

அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடிவதில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: போட்டுவிட்டு எதற்காகக் காத்திருக்கப் போகிறோம்? எக்மோ எந்த நோயையும் குணப்படுத்தாது. ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் ஆக்சிஜனை ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, திரும்ப உள்ளே விடும். அவ்வளவுதான் அதன் வேலை. நோய் மருந்தாலோ தானாகவோ தணியும்வரை சில நாட்களை வாங்கித் தரும்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது இரண்டு மரணங்களின்போது. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குத் திடீரென இதயம் நின்றபோதும், 2020இல் கொரோனாவில் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் நுரையீரல் பாதிக்கப்பட்டபோதும் தொலைக்காட்சி முழுக்க எக்மோ, எக்மோ என்றுதான் பேசினார்கள். இருவரும் பிழைக்கவில்லை. அதனால் "எக்மோன்னு சொல்லிட்டாங்களா, அப்ப முடிஞ்சது" என்று அழ ஆரம்பிக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். ஆனால் அந்த இரண்டும் ஒரே சிகிச்சை அல்ல. ஒன்று இதயத்துக்காகப் போட்டது, மற்றது நுரையீரலுக்காகப் போட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. முடிவெடுக்கும் நேரத்தில் இந்தக் குழப்பம் பெரிய கெடுதல் செய்கிறது.

## ஊசியில் ஆக்சிஜன் ஏற்றிவிட முடியாதா?

இதையும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அசையாமல் படுத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவையும் வாயுவாக ரத்தக் குழாயில் விட்டால் குமிழிகள் அடைத்து உயிர் போய்விடும். திரவத்தில் கரைத்துக் கொடுக்கலாம் என்றால், அதுவும் போதாது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 3 மில்லிதான். கிட்டத்தட்ட 200 மில்லியைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதனால் ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்கு ரத்தத்தைக் கொண்டுபோவதுதான் வழி. பிறப்பதற்கு முன் நாம் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். நுரையீரலில் காற்றே இல்லை. தொப்புள்கொடி வழியாக ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போய் ஆக்சிஜன் வாங்கி வந்தது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் அளவுகோல் நான் சொன்னதுதான்: எதற்காகக் காத்திருக்கிறோம். பதில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். நுரையீரலோ இதயமோ தானே தேறிவிடும் என்று காத்திருக்கலாம். மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் காத்திருப்பதற்கு எதுவும் இல்லை. ஸ்க்ரப் டைபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்), பன்றிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் இவற்றில் நுரையீரல் மோசமாக வீங்கி நிரம்பினாலும் தேறி வர நல்ல வாய்ப்பு உண்டு. பாராக்வாட் களைக்கொல்லியைக் குடித்தவரின் நுரையீரல் நாளுக்கு நாள் தழும்பாகி இறுகும். அதில் கூடுதல் ஆக்சிஜனே கேட்டைக் கூட்டும். இந்த இருவருக்கும் மானிட்டரில் ஒரே ஆக்சிஜன் எண் தெரியலாம். முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

இரண்டாவது, பழுதாகியிருப்பது நுரையீரல் மட்டும்தானா, இதயமுமா என்பது. எந்த வகை எக்மோ என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது, வென்டிலேட்டரில் எத்தனை நாள் ஆகிவிட்டது. அதிக அழுத்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருந்தால் வாய்ப்பு குறைகிறது. அந்த அழுத்தமே நுரையீரலைக் கிழிக்கிறது. பதினோராம் நாள் எங்களிடம் வந்த ஒரு இளைஞரை மறக்க முடியவில்லை. நான்காம் நாளே பேசியிருக்கலாம். யாரும் பேசவில்லை.

அப்புறம் வயது, ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்தைத் தாங்குமா என்பது (மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் பெரும்பாலும் முடியாது), பணம், எக்மோ பழகிய குழு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது.

## வழி 1: வென்டிலேட்டரிலேயே தொடர்வது, குப்புறப் படுக்க வைத்து

நுரையீரலைத் தவிர்க்கும் வழிகளைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். இதைச் செய்து பார்க்காமல் எக்மோவுக்குப் போனால் அது அவசரப்படுவது, அதனால்தான் முதலில் வைக்கிறேன். குப்புறப் படுக்க வைத்தால் முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடக்கும் நுரையீரல் பகுதி திறந்துகொள்ளும். 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், கடுமையான நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களை ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாட்களில் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே படுத்திருந்தவர்களில் 33 சதவீதம். எந்த இயந்திரமும் வாங்காமல் கிடைத்த பலன் இது.

இதில் மறைந்திருக்கும் விலை உழைப்பு. ஐந்தாறு பேர் சேர்ந்து, தொண்டைக் குழாயும் கழுத்து லைனும் பிடுங்கிக்கொள்ளாமல் ஒருவரைத் திருப்ப வேண்டும். முகத்தில் புண் வரும். ஆளில்லாத இடத்தில் "செஞ்சு பார்த்தோம், கேக்கல" என்று சொல்லும்போது, இரண்டு மணி நேரம் செய்தார்களா, பதினாறு மணி நேரம் செய்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நோய் தொடங்கி ஓரிரு நாளே ஆகியிருந்து, குப்புறப் படுத்ததும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண்) ஏறுகிறது என்றால் இதுவே நல்ல வழி.

## வழி 2: விவி எக்மோ, நுரையீரலுக்கு மட்டும்

தொடையிடுக்கில் உள்ள பெரிய சிரையில் நம் சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் குறைவான குழாய் ஒன்று. அது ரத்தத்தை இழுக்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இன்னொரு குழாயில் கழுத்துச் சிரை வழியாகத் திரும்பும். இழுப்பதும் விடுவதும் சிரையில்தான் (விவி என்றால் வீனோ-வீனஸ், சிரையிலிருந்து சிரைக்கு), அதனால் இதயம் தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் ஆக்சிஜனேட்டரில் தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். குழலுக்குள் வாயு ஓடும், வெளியே ரத்தம் நனைத்துக்கொண்டு போகும். நம் நுரையீரலின் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் என்பார்கள். இதற்கு இரண்டு சதுர மீட்டர்கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் உயிரைத் தாங்குகிறது.

கட்டில் அருகே நின்றால் முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு குழாய்களின் நிறம். இயந்திரத்துக்குள் போவது நாவல்பழக் கறுப்பு. வெளியே வருவது செம்பருத்திச் சிவப்பு. ஒவ்வொரு முறை ஷிஃப்ட் மாறும்போதும் டார்ச் அடித்து அந்தக் குழாய்களையும் ஆக்சிஜனேட்டரின் மூலைகளையும் பார்ப்போம். கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது. இரண்டு குழாயும் ஒரே நிறத்துக்கு வந்தால் ஆக்சிஜனேட்டர் செத்துக்கொண்டிருக்கிறது.

குடும்பத்தினர் பயப்படும் இரண்டு விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். எக்மோ போட்ட பிறகும் மானிட்டரில் சாச்சுரேஷன் 85, 88 என்றே நிற்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹீமோகுளோபின் 10, சாச்சுரேஷன் 85 என்றால் ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 114 மில்லி ஆக்சிஜன். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் 570 மில்லி. தேவை 250 சொச்சம்தான். போதும். இரண்டாவது, எக்ஸ்ரே ஒரேயடியாக வெள்ளையாகிவிடும். வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதால் அப்படித் தெரிகிறது. அதை மட்டும் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம்.

பலன் எவ்வளவு? 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். பழைய இடத்திலேயே சிகிச்சை தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மையத்துக்குப் போனவர்களில் கால்வாசிப் பேருக்கு எக்மோவே போடவில்லை. நல்ல குழுவிடம் போனதே பாதி மருத்துவம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2018இல் வந்த அடுத்த பெரிய ஆய்வில், 60 நாட்களில் இறந்தவர்கள் எக்மோ பிரிவில் 35 சதவீதம், மற்ற பிரிவில் 46 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மற்ற பிரிவிலும் 28 சதவீதம் பேருக்கு நிலைமை கைமீறிப் போய் எக்மோ போட வேண்டிவந்தது. என் கருத்தைக் கேட்டால், சரியான ஆளுக்கு, சரியான நாளில் போட்டால் விவி எக்மோ உயிரைக் காக்கிறது. உலகப் பதிவேட்டில் நுரையீரலுக்காக எக்மோ போட்ட பெரியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் வீடு திரும்புகிறார்கள்.

மறைந்திருக்கும் விலை ரத்தக்கசிவு. ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், தட்டணுக்கள் குறையும், மூக்கு, வயிறு, சில வேளை மூளையிலும் கசியலாம். கிருமித் தொற்றும் வரும். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஐந்து வாரம் போகலாம்.

### மாற்று நுரையீரலுக்காகக் காத்திருக்க

இதுவும் விவி எக்மோதான், நோக்கம் மட்டும் வேறு. நுரையீரல் தேறாது என்று தெரிந்துவிட்டது, மூளை, சிறுநீரகம், தசை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றால் இது ஒரு வழி. 2020 ஆகஸ்டில் சென்னையிலேயே கொரோனாவால் நுரையீரலை இழந்தவருக்கு இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டன. ஆனால் உறுப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் வரிசைப்படிதான் வரும். அதுவரை அவர் விழித்திருந்து, முடிந்தால் கட்டிலோரம் உட்கார்ந்து, எழுந்து நின்று, தசை கரையாமல் இருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: எக்மோவில் ரத்தம் ஏற்ற ஏற்ற, உடலில் பிறர் திசுவுக்கு எதிரான புரதங்கள் உருவாகி, பொருந்தும் உறுப்பு கிடைப்பதே கடினமாகலாம். காத்திருப்பு நீளும்போது அந்த வாய்ப்பும் குறைகிறது.

பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், நுரையீரலும் தேறாது என்றால், முழுத் தெளிவோடு விழித்திருக்கும் ஒருவரைப் போக வழியில்லாத இடத்தில் கொண்டு நிறுத்துவதாகிவிடும். இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே கொடுமை அதுதான். போடுவதற்கு முன்பே இதைப் பேசியாக வேண்டும்.

## வழி 3: விஏ எக்மோ, இதயத்துக்கும் சேர்த்து

இங்கே ரத்தம் சிரையிலிருந்து எடுக்கப்பட்டு தமனிக்குள் செலுத்தப்படும் (விஏ என்றால் வீனோ-ஆர்ட்டீரியல், சிரையிலிருந்து தமனிக்கு). நுரையீரல், இதயம் இரண்டின் வேலையையும் இயந்திரமே ஏற்கிறது. இதயத் தசையழற்சி, நுரையீரல் தமனியில் பெரிய ரத்தக்கட்டி, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதயம் தன் வேலையை எடுத்துக்கொள்ளாமல் போவது, தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை விஷம், இவையெல்லாம் இதற்கான இடங்கள். அந்த விஷத்தில் இதயம் சில நாள் முற்றிலும் துவண்டு, பிறகு மீள்வதுண்டு. அந்தச் சில நாளைத் தாண்டினால் இருபது வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போகும்.

இதன் ஆபத்துகள் விவியைவிட அதிகம். தொடைத் தமனியில் குழாய் போவதால் அந்தக் காலுக்கு ரத்தம் குறையும். அதற்குத் தனியாக ஒரு சின்னக் குழாய் போடுவோம். அப்படியும் காலை இழந்தவர்கள் உண்டு. இன்னொன்று, இதயம் தேற ஆரம்பித்து நுரையீரல் இன்னும் கெட்டே இருந்தால், இதயம் தள்ளும் கறுத்த ரத்தம் தலைக்கும், இயந்திரம் தள்ளும் சிவந்த ரத்தம் காலுக்கும் போகும். கால் சிவந்து நன்றாக இருக்கும், மூளை ஆக்சிஜனுக்கு ஏங்கும். அதனால்தான் ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப்பை எப்போதும் வலது கையில் மாட்டுகிறோம். தலைக்குப் போகும் ரத்தம் எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கைதான் சொல்லும். பார்க்கப் போகும்போது கிளிப் இடது கையில் இருந்தால் செவிலியரிடம் மெதுவாகக் கேளுங்கள்.

மாரடைப்பால் ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கு இதை வழக்கமாகப் போடலாமா என்று ஜெர்மனியில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. 30 நாட்களில் இறந்தவர்கள் போட்டவர்களில் 47.8 சதவீதம், போடாதவர்களில் 49 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். ரத்தக்கசிவும் கால் பாதிப்பும் மட்டும் கூடின. ஆகவே மாரடைப்பு என்றதும் விஏ எக்மோ வேண்டும் என்று நீங்களாக வற்புறுத்த வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | வென்டிலேட்டர் + குப்புறப் படுக்கை | விவி எக்மோ | விஏ எக்மோ |
|---|---|---|---|
| எதைத் தாங்கும் | நுரையீரலுக்கு உதவி | நுரையீரலின் வேலை | நுரையீரல், இதயம் இரண்டும் |
| இதயம் நன்றாக இருக்க வேண்டுமா | ஆம் | ஆம் | வேண்டாம் |
| பொதுவாக ஓடும் காலம் | நாட்கள் முதல் வாரங்கள் | ஒன்று முதல் பல வாரங்கள் | பெரும்பாலும் சில நாட்கள் |
| பெரிய ஆபத்து | அழுத்தத்தால் நுரையீரல் கிழிவது | ரத்தக்கசிவு, தொற்று | ரத்தக்கசிவு, பக்கவாதம், கால் இழப்பு |
| பொருந்தும் இடம் | நோயின் தொடக்கம் | தேறக்கூடிய நுரையீரல், அல்லது மாற்று உறுப்புப் பட்டியல் | தேறக்கூடிய இதயம் |
| பொருந்தாத இடம் | திருப்பியும் ஆக்சிஜன் ஏறாதபோது | பாராக்வாட், பல நாள் அழுத்தத்தில் ஓடியவர் | வழக்கமான மாரடைப்பு |

கரியமில வாயுவை மட்டும் நீக்கும் சின்ன இயந்திரம் ஒன்றையும் சில இடங்களில் சொல்வார்கள். அது ஆக்சிஜன் பற்றாக்குறைக்குத் தீர்வு அல்ல. 2021இல் வந்த பிரிட்டன் ஆய்வில் அதனால் உயிர்ப்பலன் எதுவும் தெரியவில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

## செய்தியில் படிக்கும் புது வழிகள்

"ஆசனவாய் வழியா ஆக்சிஜன் குடுக்கறாங்களாமே, அதைச் செய்யலாமா" என்று படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. சிரித்துத் தள்ள வேண்டிய விஷயமல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல், ஆக்சிஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும் பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தை எலிக்கும் பன்றிக்கும் பெருங்குடலில் ஏற்றி, ரத்த ஆக்சிஜன் கூடுவதைக் காட்டினார்கள். பிறகு ஆரோக்கியமான ஆண்கள் 27 பேரிடம் ஆக்சிஜன் ஏற்றாத திரவத்தை வைத்து, உடல் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு இன்னும் வரவில்லை. ஆக்சிஜனைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து ஊசியாகச் செலுத்தும் முறையை 2012இல் பாஸ்டனில் முயல்களிடம் காட்டினார்கள். மூச்சுக்குழாயை அடைத்த நிலையிலும் 15 நிமிடம் உயிரோடு வைத்தார்கள். 2017இல் பிலடெல்ஃபியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளின் தொப்புள்கொடியிலேயே ஆக்சிஜனேட்டரை இணைத்து நான்கு வாரம் வரை வளர்த்தார்கள். இவற்றில் எதையும் இன்று உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எங்கும் கேட்டுப் பெற முடியாது.

## பணமும் பேச்சும்

மருத்துவமனை சொல்லும் பேக்கேஜில் பெரும்பாலும் கருவித்தொகுப்பும் நாள் கட்டணமும்தான் இருக்கும். ஐசியு கட்டணம், ரத்தமும் தட்டணுவும், டயாலிசிஸ், ஸ்கேன், அடைத்துப்போனால் மாற்ற வேண்டிய இரண்டாவது ஆக்சிஜனேட்டர் எல்லாம் தனி. கழற்றிய பிறகும் தொண்டையில் துளைக் குழாயோடு வாரக்கணக்கில் படுக்கை, நடக்கப் பழகப் பிசியோதெரபி என்று தொடரும். காப்பீட்டின் உச்சவரம்பு எத்தனை நாளில் தீரும் என்பதை முதல் நாளே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்த பிறகு கணக்குப் போடுவதால் பலனில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: எதற்காகக் காத்திருக்கிறோம்? எத்தனையாவது நாள் உட்கார்ந்து மறுபடி பேசுவோம்? அன்றைக்கு எது நடந்திருந்தால் தொடர்வோம், எது நடந்திருந்தால் நிறுத்துவோம்? உங்கள் குழு மாதத்துக்கு எத்தனை பேருக்குப் போடுகிறது? பக்கத்தில் அதிகம் பழகிய மையம் இருக்கிறதா, அவர்கள் இங்கே வந்து குழாய் போட்டுக் கூட்டிப்போக முடியுமா? கடைசிக் கேள்விக்கு முடியும் என்ற பதில் பல ஊர்களில் கிடைக்கும், கேட்டால்தான் தெரியும். மறுபடி பேசும் தேதியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், பிறகு வரும் இரவுகளில் வீட்டுக்குள் சண்டை குறையும். வீட்டில் ஒருவர் மட்டும் மருத்துவரோடு பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## கழற்றும் நாள்

விவி எக்மோவைக் கழற்றலாமா என்று பார்ப்பது எளிமையான சோதனை. பம்ப்பை நிறுத்த மாட்டோம். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயுவை மட்டும் திருகி மூடுவோம். சில நிமிடங்களில் சிவப்புக் குழாய் கறுக்கத் தொடங்கும். மற்ற நாளாக இருந்தால் ஓடிப்போய்ப் புது ஆக்சிஜனேட்டரை எடுப்போம். அன்றைக்கு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். போன மழைக்காலத்தில் ஸ்க்ரப் டைபஸோடு வந்த ஒரு பெண்ணுக்கு, பன்னிரண்டாம் நாள் காலை அப்படித்தான் மூடினோம். இரண்டு குழாயும் ஒரே நாவல்பழ நிறத்துக்கு வந்தன. அவருடைய அண்ணன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை கிளிப்பில் 95. பத்து நிமிடம் கழித்தும் 95. மதியம் வரை அப்படியே நின்றது.